ஹொப்புக் கொடியும் பாளை நீரும்: மதுவின் நிலைபேறு பற்றியதொரு வரலாற்றாய்வு

மாந்தர் வரலாற்றை ஆராய்வோர் முடிமன்னர் போர்களையும் பேரரசுகளின் எழுச்சி வீழ்ச்சிகளையுமே பெரிதும் நோக்குவர். உண்பொருளும் பருகுபொருளும் வரலாற்றை நடத்திய வகையினை நோக்குவோர் சிலரேயாவர். ஆயினும், மிளகை நாடியே மேனாட்டு மரக்கலங்கள் கீழைக் கடலிற் புகுந்தன என்பதும், கறுவாவின் பொருட்டே ஈழத்தின் கரையோரம் கைமாறியது என்பதும் யாவரும் அறிந்த உண்மைகள். மதுவின் வரலாறும் அத்தகையதே.

மட்டக்களப்பு வாவியின் மேற்பாற் கரையிற் படுவான்கரையும் கீழ்பாற் கரையில் எழுவான்கரையும் விளங்க, நகருக்கு வடமேற்கே வாவியை அணைந்து கிடப்பது ஏறாவூர். அவ்வூரைச் சூழ்ந்த தென்னஞ் சோலைகளில் விடியற்காலையில் இறக்கப்படும் கள், மறுநாட் காலைவரை தன் சுவை குன்றாது நிற்பதில்லை. நண்பகலிற் கடுத்து, மாலையிற் புளித்து, ஓரிரு நாளிற் காடியாகிவிடும். இங்கிலாந்திலே வடிக்கப்பட்ட பியரோ, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி நான்கு முதல் ஆறு திங்கள் கடலில் அலைந்து, இருமுறை நிலநடுக்கோட்டைக் கடந்து, கீழைத் துறைகளை அடைந்த பின்னரும் பருகத்தக்கதாய் இருந்தது. இவ்விரண்டும் அற்ககோலின் அளவில் ஏறத்தாழ ஒத்தவையே. நூற்றுக்கு நான்கு முதல் ஆறு பங்கு என்பது இரண்டுக்கும் பொருந்தும். அங்ஙனமாயின் ஒன்று உலக வாணிகப் பொருளானதற்கும், மற்றொன்று மரத்தடியிலேயே நின்றுவிட்டதற்கும் காரணம் யாது? இவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஹொப்பின் இயல்பு

பியர் என்பது முளைகட்டிய வாற்கோதுமையின் சாற்றை மதுவம் என்னும் நுண்ணுயிரால் நொதிக்கச் செய்து பெறும் பானம். அதற்குக் கசப்பினையும் மணத்தையும் நல்குவது ஹொப்பு என்னும் கொடி. கஞ்சாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த இக்கொடி, ஒரே பருவத்தில் பதினைந்து இருபது அடி உயரம் பற்றி ஏறும். குளிர்காலத்திற் பட்டு, வேரினின்றும் மீண்டும் தளிர்க்கும். ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. பெண்கொடியின் கூம்பு வடிவான பூங்கதிர்களே பயன்படுவன. அக்கதிர்களின் இதழடியில் மஞ்சள் நிறமான பசைத்துகள் உண்டு. அதிலுள்ள அல்பா அமிலங்கள் கொதிக்கும் சாற்றில் உருமாறிக் கசப்பாகின்றன. அதன்கண் உள்ள எளிதில் ஆவியாகும் எண்ணெய்கள் மணமாகின்றன.

இக்கசப்பு நாவிற்கு மட்டும் உரியதன்று. பானத்தைப் புளிக்கச் செய்யும் இலற்றிக்கமிலப் பற்றீரியாக்களை அது வளரவிடாது தடுக்கின்றது, மதுவத்தையோ தடுப்பதில்லை. நன்மை செய்யும் உயிரை வாழவிட்டுத் தீமை செய்யும் உயிரை அடக்கும் இவ்வியல்பே ஹொப்பின் தனிச்சிறப்பு. காடிக்குக் காரணமான பற்றீரியாக்கள் வேறு. அவற்றுக்குக் காற்று வேண்டும். ஆதலின், காற்றுப் புகாத மரப்பீப்பாயும் ஹொப்பும் ஒருங்கு சேர்ந்த பொழுது பியர் நிலைபேறுடைய பொருளாயிற்று.

இவ்வறிவு ஐரோப்பியர்க்கு ஒரே நாளில் வந்ததன்று. பிரான்சிலுள்ள கோர்பி மடத்தின் தலைவர் அடலார்ட் 822இல் வகுத்த மடவிதிகளிற் பியருக்காக ஹொப்புச் சேர்த்தல் குறிக்கப்படுகின்றது. 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிங்கன் ஊர்த் துறவி ஹில்டகார்ட், பானங்கள் கெடாது காக்கும் ஆற்றல் ஹொப்பிற்கு உண்டென எழுதினார். அதற்கு முன்னர் ஐரோப்பாவின் பல பாகங்களிற் காட்டுப் பூண்டுகள் பலவற்றின் கலவையே பியரிற் சேர்க்கப்பட்டது. 1516இற் பவேரியாவின் கோமகன் பிறப்பித்த ஆணை, பியருக்கு வாற்கோதுமை, ஹொப்பு, நீர் என்னும் மூன்றுமே உரியன என வரையறுத்தது. மதுவத்தை அவ்வாணை குறிப்பிடவில்லை. அஃது ஓர் உயிர் என்பதை அக்காலத்தார் அறியார். 1876இல் லூயி பாஸ்டர் பியர் பற்றிய தம் ஆய்வு நூலை வெளியிட்ட பின்னரே, பானம் கெடுதற்கு நுண்ணுயிர்களே காரணம் என்பது நன்கு நிலைநாட்டப்பட்டது. எனவே, காரணம் அறியாமலே காரியத்தை அறிந்து கையாண்ட காலம் ஆயிரம் ஆண்டு எனலாம்.

வகைகளும் அவற்றின் வேற்றுமையும்

ஹொப்பு ஒரே இனமாயினும், மண்ணாலும் மனிதர் தெரிவாலும் பல வகையாய்ப் பிரிந்தது. பொஹீமியாவின் சாட்ஸ் என்னும் வகை, கசப்பிற் குறைந்தது. அல்பா அமிலம் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கே உடையது. மென்மையான மணத்தாற் பெயர்பெற்றது. 1842இல் யோசப் குரோல் என்பவர் பில்சன் நகரில் வடித்த பொன்னிறப் பியர் இவ்வகையாற் சிறப்புற்றது. அவ்வகைக்குப் பெயர்தந்த நகரையும் அதன் ஹொப்புத் தோட்டங்களையும் யுனெஸ்கோ 2023இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. ஜேர்மனியின் ஹல்லர்ட்டாவ், டெட்நாங், ஸ்பால்ட் என்னும் ஊர்களின் வகைகளும் சாட்ஸும் சேர்ந்து 'உயர்குல ஹொப்புக்கள்' என வழங்கப்படும்.

இங்கிலாந்திற்கு ஹொப்புப் பியர் ஒல்லாந்தர் நாட்டுப் புறமிருந்து 15ஆம் நூற்றாண்டிற் பரவியது. 1574இல் ரெஜினால்ட் ஸ்கொட் என்பவர் ஹொப்புத் தோட்டம் அமைக்கும் முறை பற்றித் தனிநூலே எழுதினார். கென்ற் மாகாணத்திற் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பெயர்பெற்ற கோல்டிங், 19ஆம் நூற்றாண்டிற் பரவிய ஃபக்கிள் என்னும் இரண்டும் ஆங்கிலப் பியரின் இருகண்கள் எனப்பட்டன. முன்னது இனிய நறுமணமும் பின்னது மண்மணமும் உடையன. இரண்டிலும் அல்பா அமிலம் நூற்றுக்கு ஐந்தினை அடுத்தே நிற்கும்.

இந்நிலையை மாற்றியவர் வை கல்லூரியின் பேராசிரியர் ஏர்னஸ்ற் சால்மன். கனடாவின் மனிற்றோபாவினின்றும் 1916இற் பெற்ற காட்டு ஹொப்பொன்றின் வித்துக்களினின்றும் அவர் புதுவகைகளை உருவாக்கினார். அவற்றுள் ஒன்றாகிய புறூவர்ஸ் கோல்ட் 1934இல் வெளிவந்தது. அவ்வழியிற் பிறந்த நோர்தேண் புறூவர் என்னும் வகையில் அல்பா அமிலம் நூற்றுக்கு எட்டு முதற் பத்துப் பங்கு வரை உண்டு. நான்கு பங்கு உடைய ஹொப்புப் பத்து இறாத்தல் தரும் கசப்பினைப் பத்துப் பங்கு உடைய ஹொப்பு நான்கு இறாத்தல் தரும் எனின், வடிப்போர்க்கு அதனால் விளையும் ஊதியம் சொல்லாமலே விளங்கும்.

ஆயினும் அப்புதுவகைகளின் 'அமெரிக்க மணம்' ஆங்கில வடிப்போர்க்கு முதலிற் பிடிக்கவில்லை. பின்னர், ஃபக்கிளின் வழியில் ஐக்கிய அமெரிக்காவின் ஒறிகனில் உருவாகி 1972இல் வெளிவந்த கஸ்கேட் என்னும் வகையின் தோடை மணத்தையே அந்நாட்டார் விரும்பித் தேடலாயினர். ஒரு தலைமுறை வெறுத்த மணத்தை மற்றொரு தலைமுறை விலைகொடுத்து வாங்கியது. சுவையின் உயர்வு தாழ்வு பொருளின் இயல்பில் மட்டும் இல்லை என்பதற்கு இஃதொரு சான்று.

கடல் கடந்த கசப்பு

இலண்டனின் கீழ்ப்பாகத்தில், கிழக்கிந்தியக் கொம்பனியின் கப்பல்துறைக்கு அணித்தாக, 1752இல் வடிசாலை தொடங்கியவர் ஜோர்ஜ் ஹொட்சன். கப்பற்றலைவர்க்குக் கடனுக்கும் சரக்குத் தந்த அக்குடும்பத்தார், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவிற்குப் பியர் அனுப்புவோருள் முதன்மை பெற்றனர். நெடும்பயணத்திற்கென ஹொப்பு மிகுதியாகச் சேர்க்கப்பட்டது. 1820களிற் பேட்டன் நகரத்து வடிப்போரும் அவ்வாணிகத்திற் புகுந்தனர். இவ்வாறு கீழைநாட்டு வெயிலுக்கென வடித்த பியரே 'இந்திய வெளிர்ப் பியர்' எனப் பெயர் பெற்றது.

காலப்போக்கில் மலைநாட்டுக் குளிரைத் தேடி வடிசாலைகளும் வந்தன. இமயச் சாரலிற் கசௌலியில் 1855இல் வடிசாலை அமைத்தவர் எட்வேட் டயர். 1919இற் சாலியன்வாலாத் தோட்டத்திற் சுடுமாறு ஆணையிட்ட படைத்தலைவர் அவருடைய மகனே. ஈழத்தில் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் 1849இற் பியர் வடித்தலைத் தொடங்கினார் என்பர். 1881 முதல் அது வாணிக முயற்சியாய் வளர்ந்தது. மலையருவி நீரும் குளிரும் அங்குக் கிடைத்தன. வாற்கோதுமை முளையும் ஹொப்பும் கப்பலிலேயே வந்தன.

ஹொப்பை ஈழத்திற் பயிரிட்டிருத்தலாகாதோ எனின், ஆகாது. அக்கொடி பூத்தற்குக் கோடையில் நீண்ட பகலும், மாரியிற் கடுங்குளிரும் வேண்டும். நிலநடுக்கோட்டிற்கு வடக்கேயும் தெற்கேயும் முப்பத்தைந்து முதல் ஐம்பத்தைந்து பாகைவரையே அதன் நல்லிடம். ஏறாவூரோ எட்டுப் பாகைக்கும் உட்பட்டது; ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே இங்கு ஒரு மணி நேர வேற்றுமையும் இல்லை. இந்தியாவிலும் இமயத்தின் காசுமீர், லாகூல் போன்ற பள்ளத்தாக்குகளிலேயே அது விளைந்தது. ஆகவே, வெப்ப நாட்டார் தம் மதுவைக் காக்கத் தம் மண்ணிலே வேறு வழி தேடவேண்டியவராயினர்.

பழந்தமிழர் கண்ட வழிகள்

தானிய மது வடித்தல் தமிழர்க்குப் புதிதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், அரிசிக் களியை ஆற்றி, நெல்முளையைச் சேர்த்துப் பிசைந்து, இரு பகலும் இரு இரவும் கழியச் சாடியில் விளைவித்து, வெந்நீரில் அலைத்துப் பிழியும் முறை விரிவாகக் கூறப்படுகின்றது. முளைத் தானியத்தாற் களியை நொதிக்கச் செய்யும் நுட்பம் பியர் வடிப்போர் நுட்பமேயாகும். அச்செய்முறையிற் காணப்படாதது ஒன்றுதான். நெடுநாட் காக்கும் பூண்டு. அன்று வடித்ததை அன்றே விருந்தினர்க்கு அளித்தல் அக்காலத்தார் வழக்காயிற்று. நெடுந்தொலைவினின்றும் வந்த மதுவாக இலக்கியம் போற்றுவது யவனர் கொணர்ந்த தேறலையே. புறநானூற்றின் 56ஆம் பாட்டு அதனைச் சுட்டும்.

பாளை நீரின் பொருட்டுத் தமிழரும் சிங்களவரும் கண்ட காப்புமுறைகள் இரண்டு. முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசுதல் ஒன்று. அது நொதித்தலையே தடுத்துக் கருப்பநீரை இனிப்பாகவே வைக்கும். மற்றொன்று துவர்ப்பட்டை சேர்த்தல். சிங்களர் ஹல் என்னும் மரத்தின் பட்டையை முட்டியில் இட்டு நொதித்தலைத் தாமதப்படுத்துவர். தமிழ்நாட்டில் வெள்வேலம்பட்டை சாராயம் காய்ச்சுதற்குப் பயன்பட்டமையாற் 'பட்டைச் சாராயம்' என்னும் வழக்கும் எழுந்தது.

இவற்றை ஹொப்புடன் ஒப்பிடுவார்க்கு ஓர் அடிப்படை வேற்றுமை புலனாகும். சுண்ணாம்பு, மதுவத்தையும் பற்றீரியாவையும் ஒருங்கே அடக்குகின்றது. அதனால் மது பிறப்பதேயில்லை. பட்டை அவற்றைச் சிறிது பொழுது தளர்த்துகின்றது. அதனால் மது பிந்திப் பிறந்து பிந்திக் கெடுகின்றது. ஹொப்போ மதுவைப் பிறக்கவிட்டுப் பிறந்ததைக் காக்கின்றது. சாற்றைக் கொதிக்கவைத்த பின்னரே நொதிக்கவிடுதல் பியரின் முறை. கள்ளோ பாளையினின்றும் சொட்டும் பொழுதே காற்றிலும் முட்டியிலும் உள்ள உயிர்களால் நொதிக்கத் தொடங்குவது. கொதித்தல் இன்றிக் கசப்பு இறங்காது. எனவே ஹொப்பு ஏறாவூரில் விளைந்திருப்பினும் கள்ளிற்குப் பயன்பட்டிராது என்பதே உண்மை.

மூவகை மரங்கள்

ஹொப்பில் வகை பல இருத்தல்போல, ஈழத்துக் கள்ளிலும் மரத்தால் வகை மூன்று. தென்னை ஐந்து முதல் ஏழாண்டிற் பாளை விட்டு, ஆண்டு முழுதும் நீர் தருவது. பனை பன்னிரண்டு பதினைந்து ஆண்டுகட்குப் பின்னரே பாளை காண்பது. ஆண்டின் ஒரு பருவத்திலேயே நீர் சுரப்பது. ஆண்பனை பெண்பனை இரண்டும் பயன்தருவது. கித்துள் எனப்படும் கூந்தற்பனை ஈரமலைகளில் வளர்வது. முதிர்ந்தபின் உச்சியினின்றும் கீழ்நோக்கிப் பூங்குலைகளை விட்டு, அவை முடிந்ததும் பட்டுப்போவது. 1681இல் வெளிவந்த தம் நூலில் இறொபேட் நொக்ஸ் கித்துளைப் புகழ்ந்து, மரமொன்று நாளொன்றுக்கு மூன்று நான்கு காலன் இனிய நீர் தரும் என்றும், அதனைக் காய்ச்சிக் கருப்பட்டி செய்வர் என்றும் குறித்துள்ளார்.

ஹொப்பின் வகைகளை ஆராயக் கல்லூரிகளும் ஆய்வாளர்களும் இருந்தனர். எவ்வகைக் கொடி எத்துணைக் கசப்புடையது என நூற்றாண்டுக் கணக்கில் எழுதிவைத்தனர். எப்பனை இனிய நீர் தரும், எத்தென்னையின் பாளை நெடுநாட் சுரக்கும், எப்பருவத்தில் எங்ஙனம் சீவவேண்டும் என்னும் அறிவும் அதற்குக் குறைந்ததன்று. ஆயின் அவ்வறிவு ஏட்டில் ஏறவில்லை. தந்தையின் கையினின்றும் மகனின் கைக்கு மாறியது. அதனை உடையோர் நாளிருமுறை உயிரைப் பணயமாக வைத்து மரமேறியவர். சமுதாயமோ அவரைத் தாழ்நிலையில் வைத்தது. இலண்டனின் ஏழைக் குடும்பங்கள் ஆண்டுதோறும் கென்ற் மாகாணத்து ஹொப்புத் தோட்டங்களிற் கதிர் கொய்யச் சென்ற காட்சியும் இத்தகைய உழைப்பின் மற்றொரு முகமே; எனினும் அவர்க்குத் தொழிலால் வந்த பிறப்பிழிவு இல்லை.

வடித்தலும் வரியும்

நிலைத்திராத கள்ளை நிலைபெறச் செய்தற்கு வெப்பநாட்டில் எஞ்சிய வழி ஒன்றே. அதனைக் காய்ச்சி வடித்துச் சாராயமாக்குதல். சாராயம் பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் நிற்கும், கப்பலேறும். ஆயின் அதற்கு வாலையும் விறகும் முதலும் வேண்டும். ஆகவே மரமேறியவன் கையினின்றும் மதுவின் பயன் நழுவிக் குத்தகைக்காரன் கையிற் சேர்ந்தது. 1638இல் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தரும், அவர்க்குப் பின் வந்த பிரித்தானியரும் சாராயக் குத்தகையைப் பெருவருவாயாகக் கொண்டனர். 19ஆம் நூற்றாண்டின் ஈழத்துச் செல்வர் பலர் சாராயக் குத்தகையாற் பொருள் திரட்டினர் என்பதைக் குமாரி ஜயவர்த்தன தம் ஆய்வில் விரித்துள்ளார்.

1912ஆம் ஆண்டு மதுவரிச் சட்டம் பழைய குத்தகை முறையை மாற்றிக் கள்ளையும் சாராயத்தையும் வெவ்வேறாக்கியது. அதன்பாற்பட்டுக் கள்ளுத் தவறணைகள் ஊர்தோறும் எழவே, 1904இல் முளைத்த மதுவிலக்கு இயக்கம் பன்மடங்கு வலிமை பெற்றது. டி. பி. ஜயதிலக்க, சேனநாயக்க உடன்பிறந்தார் முதலியோர் அதனால் மக்கள் தலைவராயினர். 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின் போது அவர்கள் சிறைப்பட்டமையும், சேர் பொன்னம்பலம் இராமநாதன் இலண்டன் சென்று வாதாடியமையும் நாடறிந்தவை. ஆகவே ஈழத்துத் தேசிய எழுச்சியின் வேர்களுள் ஒன்று கள்ளுத் தவறணையின் எதிரே ஊன்றியது எனல் மிகையன்று.

ஏறாவூரின் நிலை இதனினும் நுட்பமானது. இங்கு முஸ்லிம்களும் இந்துக்களும் அயலவராய் வாழ்கின்றனர். முன்னவர்க்கு மது மார்க்கத்தால் விலக்கப்பட்டது. பின்னவர்க்கோ திருக்குறளில் 'கள்ளுண்ணாமை' ஓர் அதிகாரமாகவே அமைந்தது. எனினும் தென்னை இருசாரார்க்கும் பொதுவான வாழ்வாதாரம். 1978 கார்த்திகை மாதத்துச் சூறாவளி மட்டக்களப்புத் தென்னைகளின் பெரும்பகுதியை வீழ்த்திய பொழுது இழப்பும் பொதுவாகவே இருந்தது. கள் இறக்குவோர்க்கு மட்டும் அஃது இரட்டை இழப்பு. புதுத் தென்னை பாளை விட ஐந்தாண்டுக்கு மேலாகும், வேறு தொழிலோ அவர் கையில் இல்லை.

முடிபு

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன மூன்று. பியரின் உலகப் பரப்பிற்குக் காரணம் அதன் சுவை உயர்வன்று. கொதித்தல், ஹொப்பு, காற்றடைத்த கலம் ஆகிய மூன்றும் சேர்ந்து தந்த நிலைபேறே. கள்ளின் ஒடுக்கத்திற்குக் காரணம் அதன் இழிவன்று. வெப்பநாட்டில் அதற்கு ஒத்ததொரு காப்பு வாய்க்காமையே. அந்நிலையாமையினாலேயே பயன் வடிசாலைக்கும் வரியாளர்க்கும் சென்றது. உழைப்பும் இழிவும் மரமேறியோர்க்கு எஞ்சின.

இவ்வுண்மை இன்றும் பொருளற்றதன்று. தமிழ்நாட்டில் 1987 முதற் கள் இறக்குதல் தடைப்பட்டுள்ளது. ஆயின் பியரோ அரசுக் கழகத்தின் கடைகளிலேயே விற்கப்படுகின்றது. அற்ககோல் அளவில் ஒத்த இரண்டனுள் ஒன்று குற்றமாகவும் மற்றது வருவாயாகவும் நிற்பதற்கு அறநூலிற் சான்றில்லை, வரலாற்றிலேதான் உண்டு. மதுவை விலக்குவோர் இரண்டையும் ஒருங்கே விலக்குதல் நேர்மை. விலக்காதோர் ஏழையின் முட்டியை மட்டும் உடைத்தல் நேர்மையாகாது.

மதுவை விரும்பாதார்க்கும் பனையும் தென்னையும் வழிகாட்டாமல் இல்லை. சுண்ணாம்பு பூசிய முட்டியின் கருப்பநீரும், அதனின்றும் வரும் பனங்கட்டியும், புளித்த நீரின் வினாகிரியும் அம்மரங்களின் அறவழிப் பயன்கள். ஈழத்து வடபகுதியில் 1970களில் எழுந்த கூட்டுறவுச் சங்கங்கள், சீவற்றொழிலாளரைத் தவறணைக் குத்தகைக்காரரின் பிடியினின்றும் மீட்டு, அவர் உழைப்பின் பயனை அவர்க்கே சேர்க்க முயன்றன. ஹொப்பின் வகைகளுக்கு நூல் எழுதிய உலகில், பாளை சீவும் கையின் அறிவிற்கும் ஒரு நூல் எழுதப்படல் வேண்டும். அக்கைகள் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றன; அவற்றின் அறிவு எழுதப்படாமலே மறையுமாயின், அவ்விழப்பைப் பின்வரும் எவ்வாய்வாளராலும் ஈடுசெய்தல் இயலாது.